ஓவியத்திற்கும் இஸ்னாது உண்டு: பதினெட்டாம் நூற்றாண்டு நீர்வண்ணப் படங்களில் மகளிர் அவை

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் குடும்பத்து நிக்காஹ் ஒன்று நடைபெற்றது. ராஜபாளையத்திலிருந்து பெண் வீட்டார் காலையிலேயே வந்து இறங்கிவிட்டனர். பந்தலில் ஆண்கள் அமர்ந்திருக்க, முதுகலை வரலாறு பயிலும் என் அண்ணன் மகள் ஒரு வண்ணப்படத்தின் நகலுடன் என்னிடம் வந்தாள். நிலவொளியில் ஒரு மாளிகையின் மேல்மாடம், வெண்ணிற விரிப்பு, திண்டில் சாய்ந்த சீமாட்டி ஒருத்தி, அவள் கையில் ஹுக்காவின் குழல், எதிரே இன்னொரு சீமாட்டி, பின்னால் மயில்பீலி விசிறியுடன் பணிப்பெண், ஓரத்தில் தம்பூரா மீட்டும் பாடகியர். பிற்கால முகலாய நீர்வண்ண ஓவியம்.

“சின்னத்தா, அக்காலத்து நம் பெண்கள் இப்படித்தான் இருந்தார்களா? நான்கு சுவருக்குள் அடைபட்டு, புகைபிடித்து, பாட்டுக் கேட்டுப் பொழுதைப் போக்கினார்கள் என்பதற்கு இந்தப் படங்களே நேர்ச்சான்று என்று வகுப்பில் சொல்கிறார்கள்” என்றாள்.

“இதை அறிவித்தவர் யார், அவர் கண்ணால் கண்டாரா என்று முதலில் கேள்” என்றேன். முப்பது ஆண்டுகளாக அரபுக் கல்லூரியில் ஹதீஸ் பாடம் நடத்துபவனுக்கு வேறு விடை வாயில் வராது. ஆயினும் வாய்க்கு வந்த அவ்விடை, பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது, இப்படங்களை அணுகுதற்கு மிகப் பொருத்தமான வழி என்றே தோன்றியது. முஹத்திஸ்கள் ஒரு செய்தியை இரண்டாகப் பகுத்துப் பார்ப்பர். யார் வழியாக வந்தது என்னும் இஸ்னாது ஒன்று. வந்த செய்தி என்ன என்னும் மத்ன் மற்றொன்று. புனிதமான ஒரு கலையின் கருவியை ஓவியத்தின்மேல் பிரயோகிப்பதா என்று ஆலிம் நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. ஒப்புமை கருதியே சொல்கிறேன். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி இமாம்களுள் பெரும்பாலோர் கொண்ட தடையும், நிழல்விழாத தட்டையான உருவங்களை மாலிக்கி மத்ஹபினர் சிலர் வெறுப்புக்குரியது என்ற அளவில் நிறுத்தியதும் நம் வாசகர்கள் அறிந்தவை. வரையலாமா என்பது ஒரு மஸ்அலா. வரையப்பட்டுவிட்ட ஒன்று நம் பாட்டியரைப் பற்றிச் சாட்சி சொல்லப் புறப்படும்போது அச்சாட்சியத்தை விசாரிப்பது வேறொரு மஸ்அலா. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

இவ்வோவியங்கள் எவ்வாறு உண்டாயின என்பதைச் சற்று விளக்க வேண்டும். பல தாள்களை ஒட்டிக் கனமாக்கிய ‘வஸ்லி’ என்னும் தாளே இவற்றின் தளம். கனிமங்களையும் தாவரச் சாயங்களையும் அரைத்து, பிசினும் நீரும் சேர்த்துக் குழைத்து, அடியிலுள்ள கோடு மறையும்படி படலம் படலமாகப் பூசுவர். தாளைக் கவிழ்த்துப் பின்புறம் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். அணிற்பிள்ளையின் வால்மயிரில் செய்த தூரிகை ஒற்றை மயிரளவு கோட்டையும் இழுக்கும். மேலைநாட்டார் வழங்கும் ஒளி ஊடுருவும் நீர்வண்ணத்திலிருந்து இது வேறுபட்டது; நீரில் கரைத்த வண்ணமாயினும் அடர்த்தியானது. 1739இல் நாதிர்ஷா தில்லியைச் சூறையாடிய பின்னர், அரண்மனைப் பட்டறைகளில் பணிபுரிந்த ஓவியர்கள் புரவலரைத் தேடி முர்ஷிதாபாத், பட்னா, பைசாபாத், லக்னோ எனச் சிதறினர். மாடத்து மகளிர் படங்கள் மிகுதியாகக் கிடைப்பது இந்நகரங்களிலிருந்துதான். தெற்கே ஐதராபாத்திலும் இவ்வகை செழித்தது.

இனி இஸ்னாதுக்கு வருவோம். இவ்வோவியர்கள் பெரும்பாலும் ஆடவர்கள். பிரபு வீட்டு ஜெனானாவுக்குள் அந்நிய ஆடவன் காலெடுத்து வைக்க வழியில்லை. ஆகவே திண்டில் சாய்ந்திருக்கும் அச்சீமாட்டியின் முகத்தை ஓவியன் கண்டிருக்க முடியாது. பின் எவ்வாறு வரைந்தான்? பட்டறைகளில் ‘சர்பா’ என்றொரு சாதனம் உண்டு. மெல்லிய மான்தோலில் பழைய படத்தின் கோடுகளை நகலெடுத்து, கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் முடிச்சால் தட்டினால் அடியிலுள்ள தாளில் அதே உருவம் புள்ளிகளாக இறங்கும். தந்தையின் சர்பாக்கள் மகனுக்குச் சொத்து. ஒரே முகம், ஒரே மூக்குத்தி, ஒரே சாய்ந்த இருக்கை என்று தில்லிச் சீமாட்டியும் முர்ஷிதாபாத்துச் சீமாட்டியும் உடன்பிறந்தார் போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. முஹத்திஸ்களின் மொழியில் சொன்னால் இது முன்கதிஃ, அதாவது இடையிலே கண்ணி அறுந்த தொடர். காண்பிக்கிறவன் காணவில்லை, அவனுக்குக் காட்டியவனும் காணவில்லை.

விதிவிலக்குகள் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாய அரண்மனையில் ஸஹீஃபா பானு என்னும் பெண் ஓவியர் இருந்தார். அவர் போன்றோர் உள்ளிருந்து வரைந்திருக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் நேரில் கண்டு வரையப்பட்ட பெண்கள் எனில், அவர்கள் பெரும்பாலும் பர்தாவுக்கு உட்படாதவர்கள்: பாடகியர், ஆடல்மகளிர், பிரபுக்களின் ஆசைநாயகியர். பட்னாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராயிருந்த வில்லியம் ஃபுல்லர்ட்டனுக்காக தீப் சந்த் என்னும் ஓவியர் 1760களின் முற்பகுதியில் சில படங்கள் வரைந்தார். அவற்றுள் அஷ்ரஃப் அலி கான் என்னும் பிரபுவின் படமும், அவருடைய ஆசைநாயகி முத்துபி எனக் குறிக்கப்பட்ட பெண்ணின் படமும் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. பெயருடன் நமக்குக் கிடைக்கும் பெண் அவள். அப்பிரபுவின் மனைவியோ தாயோ அல்லர். பெயரில்லாத சீமாட்டி மரபு வழி வந்த பாவனை. பெயருள்ளவள் அவைக்கு வெளியே வாழ்ந்தவள். இவ்விரண்டையும் கலந்து ‘முஸ்லிம் பெண்’ என்று தலைப்பிட்டுவிட்டால் வரும் குழப்பத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு வியப்பான படத்தைக் குறிப்பிட வேண்டும். 1774இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி எலைஜா இம்பே. அவருடைய மனைவி மேரி இம்பே 1777 முதல் 1783 வரை பறவைகளையும் விலங்குகளையும் வரைவதற்குப் பட்னாவிலிருந்து வந்த ஓவியர்களை அமர்த்தியிருந்தார். ஷெய்கு ஸைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்னும் மூவர் சேர்ந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தனர். ஸைனுத்தீன் வரைந்ததாகக் கருதப்படும் இன்னொரு படம் அவ்வம்மையாரின் வீட்டு அறையையே காட்டுகிறது. நடுவில் அம்மையார் அமர்ந்திருக்கிறார். தரையில் தையற்காரர்களும் பூவேலைக்காரர்களும். ஒருவர் தொப்பியை ஏந்தி நிற்கிறார். ஒருவர் கோலேந்திக் காவல் நிற்கிறார். 2019இன் இறுதியில் லண்டனில், வில்லியம் டால்ரிம்பிள் தொகுத்தளித்த கம்பெனிக் கால இந்திய ஓவியர்களின் கண்காட்சியில் இப்படமும் இடம்பெற்றது.

இதன் இஸ்னாது உறுதியானது. ஓவியர் அவ்வீட்டில் பணிபுரிந்தவர். அம்மையாரின் முகத்தைக் கண்டவர். மூஃமினான ஓர் ஓவியர் தம் சமுதாயத்துப் பிரபு வீட்டுப் பெண்ணின் அறையைக் காண முடியவில்லை. ஆங்கிலச் சீமாட்டியின் அறையில் அமர்ந்து நிதானமாக வரைய முடிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அம்மையாரைச் சூழ்ந்திருப்போர் ஆடவர்கள். மாடத்து மகளிர் படங்களிலோ காவல், விசிறி, இசை யாவும் பெண்கள் கையில். முகலாய அந்தப்புரத்தில் ஆயுதம் தாங்கிய காவற்பெண்கள் இருந்தனர் என்பதை வரலாறும் கூறும். அடைபட்டவள் யார், பெண்களே ஆளும் ஓர் அவையை நடத்தியவள் யார் என்னும் வினா அவ்வளவு எளிதன்று.

அதே இம்பேயின் பெயர் நம் விசாரணைக்கு வேறொரு வகையிலும் உதவுகிறது. அவத் நவாப் ஷுஜாவுத்தவ்லா 1775இல் மறைந்தபின், அவருடைய தாயாரும் மனைவி பஹூ பேகமும் பைசாபாத்தில் பெருஞ்செல்வமும் ஜாகீர்களும் தம் வசம் வைத்து, அலிகளான தம் அதிகாரிகள் மூலம் நிர்வகித்து வந்தனர். பேகம்கள் கலகத்துக்குத் துணைபோனார்கள் என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் குற்றஞ்சாட்டி, 1782இல் அவர்கள் கருவூலம் வலிந்து பறிக்கப்பட வழிசெய்தார். அக்குற்றச்சாட்டுக்கு ஆதாரமாக லக்னோவுக்குச் சென்று பிரமாண வாக்குமூலங்கள் வாங்கியவர் இம்பே. 1788இல் லண்டனில் தொடங்கி 1795 வரை நீண்ட ஹேஸ்டிங்ஸ் மீதான வழக்கில் இப்பேகம்களின் விவகாரம் முதன்மையான குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஹுக்காக் குழலுடன் சீமாட்டியர் சாய்ந்திருக்கும் படங்கள் பைசாபாத்தில் எழுதப்பட்ட அதே ஆண்டுகளில், அவ்வூரின் திரைக்குப் பின்னிருந்த இரு பெண்களின் கணக்குப் புத்தகம் பாராளுமன்றத்தையே உலுக்கியது. படத்தைப் பார்த்துப் ‘பொழுதுபோக்கினார்கள்’ என்று எழுதுவோர் இதையும் உடன்வைத்து எழுதல் வேண்டும்.

இஸ்னாது இருந்தும் மத்ன் சிதைவதுண்டு. 1717இல் உதுமானியப் பேரரசுக்குத் தம் கணவருடன் சென்ற ஆங்கிலப் பெண்மணி மேரி மான்டேகு, மகளிர் குளியல் மண்டபத்தையும் பிரபுக்களின் அந்தப்புரத்தையும் நேரில் கண்டு கடிதங்கள் எழுதினார். அவை 1763இல் நூலாயின. குளியல் மண்டபத்தில் தாம் எந்த ஆபாசச் சைகையையும் காணவில்லை என்று அவர் தெளிவுபட எழுதியுள்ளார். அக்கடிதங்களிலிருந்து சில பகுதிகளைத் தம் குறிப்பேட்டில் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் பெயர்த்தெழுதிக்கொண்டார். கீழ்த்திசை நாடு எதையும் காணாத அவர் 1862இல் ‘துருக்கியக் குளியல்’ என்னும் படத்தை முடித்தார். கண்ட பெண் நாணத்தை எழுதினாள். காணாத ஆண் நிர்வாணத்தைக் குவித்தான். மேலைநாட்டுப் பதிப்பகத்தார் முஸ்லிம் பெண்களைப் பற்றிய நூல்களுக்கு மேலட்டை தேடும்போது இரண்டாவதையே எடுத்துக்கொண்டார்கள் என்பது நம் துரதிருஷ்டம்.

அப்படியானால் மாடத்து மகளிர் படங்களை முழுவதும் தள்ளிவிடலாமா? அதுவும் அவசரமே. முகம் பொய்யாகலாம், பாத்திரம் பொய்யாகாது. ஓவியன் சீமாட்டியைக் காணவில்லையே தவிர, வெற்றிலைப் பெட்டியையும் பன்னீர்ச் செம்பையும் அன்றாடம் கண்டவன். ஆடவர் அவையில் நிலவிய ஒழுங்கு அவனுக்குத் தெரியும். மகளிர் அவையிலும் அவ்வொழுங்கே நிலவியது என்பதைத் தன் வீட்டுப் பெண்டிர் வழியாகவும் அறிந்திருப்பான். ஆகவே இப்படங்களில் நம்பத்தக்கது ‘ஆதாப்’ எனப்படும் அவை ஒழுக்கமே. அதை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இருக்கை. விரிப்பின் நடுவே திண்டு வைத்த இடம் மஸ்னத். அதில் அமர்வோர் வீட்டுத் தலைவி, அல்லது அவளினும் மூத்தவள். விருந்தினள் சமநிலையினள் ஆயின் எதிரே அதே விரிப்பில், தாழ்ந்தவள் ஆயின் விரிப்பின் ஓரத்தில், இசைமகளிர் தரையில், பணிப்பெண்டிர் நின்றபடி. நிற்போருள்ளும் பீலி விசிறி ஏந்தியவள் அருகில், கூஜா ஏந்தியவள் சற்று எட்ட. யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஒரு சொல்லும் பேசாமல் தரையின் தூரமே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, வெற்றிலை. சுண்ணாம்பு, பாக்கு, ஏலம், கிராம்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி அறைகள் கொண்ட பான்தான் பல படங்களில் தலைவியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மடித்துக் கொடுப்பவள் தலைவியே. இதனைப் பணிப்பெண்ணிடம் விடுவது விருந்தினளைக் குறைத்து மதிப்பதாகும். என் பாட்டியாரை நாங்கள் நன்னி என்றழைப்போம். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அவருடைய வெற்றிலைச் செல்லம் பித்தளையால் ஆனது. சுண்ணாம்புக் கரண்டகமும் பாக்குவெட்டியும் அதனுள்ளேயே இருக்கும். சம்பந்தி வீட்டு அம்மாக்கள் வந்தால் அவரே காம்பு கிள்ளி, நரம்பு எடுத்து, மடித்து, வலக்கையால் நீட்டுவார். அண்டை வீட்டுப் பெண்கள் வந்தால் செல்லத்தைத் தள்ளி வைப்பார், அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நீட்டுவதற்கும் தள்ளுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை, பத்து வயதில் நான் பார்த்தபோது புரிந்துகொள்ளவில்லை. பைசாபாத்துப் படங்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

மூன்றாவது, நறுமணம். முகலாய அவையில் அத்தரும் வெற்றிலையும் வழங்கப்பட்டால் அவை கலையப்போகிறது என்று பொருள்; விருந்தினர் எழுந்து விடைபெற வேண்டும். ‘போய் வாருங்கள்’ என்று வாயால் சொல்வது அநாகரிகம் ஆகையால் மணத்தால் சொன்னார்கள். இஸ்தான்புல்லில் இதற்கு இணையான ஒழுங்கு உண்டு. முதலில் இனிப்பு, பிறகு காபி, இறுதியில் பன்னீரும் அகிற்புகையும். முன்சொன்ன மேரி மான்டேகு, பிரதம வஸீரின் மனைவியார் அளித்த விருந்தின் முடிவில் பணிப்பெண்கள் மண்டியிட்டுத் தம் கூந்தலுக்கும் ஆடைக்கும் நறும்புகை ஏற்றியதையும், அது உயர்ந்த மரியாதையாகக் கருதப்பட்டதையும் பதிவு செய்துள்ளார். நம்மூர் மௌலிது மஜ்லிஸ்களில் சாம்பிராணித் தட்டும் பன்னீர்ச் செம்பும் சுற்றிவரும் ஒழுங்கை நினைவுகூர்வோர், தில்லியும் இஸ்தான்புல்லும் தமக்கு அந்நியமல்ல என்பதை உணர்வர். ஆனால் நம்மிடம் பன்னீர் வரவேற்பிலும் தெளிக்கப்படுகிறது. வடக்கே வழியனுப்பும் சடங்காகவும் இருந்த ஒன்று இங்கே வாசலில் வரவேற்கும் சடங்காய் நிலைத்துவிட்டது. திருமண மண்டபத்து நுழைவாயிலில் இன்று பன்னீர் தெளிப்போரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆக, அவை ஒழுக்கம் படங்களில் உண்டு. ஆனால் பெண்களின் வாழ்வில் மிக இன்றியமையாதனவாக இருந்த சடங்குகளைத் தேடினால் படங்கள் வெறுங்கையை விரிக்கின்றன. குழந்தை பிறந்த ஆறாம் நாள் சட்டி, நாற்பதாம் நாள் சில்லா, மணமகளுக்கு மஞ்சள் பூசும் நாள், மருதாணி இரவு ஆகியவற்றில் ஊர்வலமாகத் தெருவில் வந்தவை மட்டுமே வரையப்பட்டன. 1774இல் பைசாபாத்தில் பிரெஞ்சு அதிகாரி ஜென்தீல் இந்திய மக்களின் வழக்கங்களைக் காட்டுவதற்கென்றே தொகுப்பித்த படத்தொகுதி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வழக்கங்களுக்கென்றே எழுந்த அத்தகைய தொகுதியின் ஓவியனும் வாசலோடு நின்றவனே.

உள்ளே நடந்ததை அறிவதற்கு நமக்கு மூன்று வகையான அறிவிப்பாளர்கள் உண்டு. முதலாமவர் நம் தென்னாட்டவர். ஏலூரைச் சேர்ந்த ஜஅஃபர் ஷரீஃப் என்பார், சென்னை மாகாண மருத்துவ அதிகாரி ஹெர்க்லாட்ஸ் என்பவரின் தூண்டுதலால், தக்காணத்து முஸ்லிம்களின் வழக்கங்களைப் பிறப்பு முதல் இறப்பு வரை வரிசைப்படுத்தி எழுதினார். அது ‘கானூனே இஸ்லாம்’ என்னும் பெயரில் ஹெர்க்லாட்ஸின் ஆங்கிலத்தில் 1832இல் லண்டனில் வெளிவந்தது. இரண்டாமவர், லக்னோ முஸ்லிம் ஒருவரை மணந்து பன்னிரண்டு ஆண்டுகள் அங்கு வாழ்ந்த ஆங்கிலப் பெண்மணி. ‘மீர் ஹஸன் அலியின் மனைவி’ என்ற பெயரிலேயே அவர் எழுதிய நூலும் அதே 1832இல் வெளிவந்தது. உள்ளே புகுந்து கண்டவர் என்பதால் அவருடைய இஸ்னாது வலுவானது. இவ்விரு நூல்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்டாலும், அவை கூறும் வழக்கங்கள் முந்தைய தலைமுறையிலிருந்து வந்தவை.

மூன்றாம் வகையினரை யாரும் எளிதில் நினைப்பதில்லை. அவர்கள் இச்சடங்குகளை எதிர்த்த ஆலிம்கள்! பாத்திமா நாயகி (ரலி) அவர்கள் பெயரால் பெண்கள் மட்டும் கூடி நடத்திய ‘பீவி கி ஸஹ்னக்’ என்னும் உணவுப் படையல் ஒன்று இருந்தது. ஸஹ்னக் என்றால் மண்தட்டு. அவ்வுணவை ஆடவர் உண்ணலாகாது. மறுமணம் புரிந்த பெண்ணும் உண்ணலாகாது. 1831இல் பாலகோட்டில் ஷஹீதான ஷா இஸ்மாயீல் தம் ‘தக்வியத்துல் ஈமான்’ நூலில் இக்கட்டுப்பாடுகளை எடுத்துக்காட்டிக் கடிந்தார். கைம்பெண் மறுமணத்தை ஸுன்னத்தாக உயிர்ப்பிக்க முனைந்தோருக்கு, மறுமணம் செய்தவளை விலக்கிவைக்கும் ஒரு தட்டு எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பின்னர் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி அவர்களின் ‘பிஹிஷ்தி ஸேவர்’ ஆறாம் பாகமும் மகளிர் சடங்குகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து மறுக்கிறது. மறுப்பதற்காகவே எழுதப்பட்ட அப்பக்கங்கள் இன்று வரலாற்று மாணவருக்கு நுணுக்கமான ஆவணமாய் நிற்கின்றன. மத்ரஸாவில் அந்நூலைப் பாடமாகப் படித்த காலத்தில், அதை ஒரு நாள் நான் இந்தக் கண்ணால் பார்ப்பேன் என்று எண்ணியதில்லை. அதன் தீர்ப்புகளோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. ஆயினும் நீக்கப்பட்டது இன்னதென்று அறியாமல் நீக்கியதன் அருமையும் விளங்காது.

சடங்குகளுள் ஜல்வா என்பதைத் தனியே சொல்ல வேண்டும். நிக்காஹ் முடிந்தபின் மணமகன் மகளிர் பகுதிக்கு அழைத்துச் செல்லப்படுவான். இருவருக்கும் இடையே திரை. அல்குர்ஆனின் இக்லாஸ் சூரா விரிக்கப்படும்; அருகே ஒரு கண்ணாடி. மணமகன் தன் துணைவியின் முகத்தை முதன்முதலாக அக்கண்ணாடியில்தான் காண்பான். இதனை நடத்துபவள் மஷ்ஷாத்தா எனப்படும் ஒப்பனைக்காரி. கேலியும் பாட்டும் அவள் பொறுப்பு. எங்கள் ஊர்க் கோயிலில், ஆண்டாள் மாலைசூடி நிழல் பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு ஒன்று உண்டு. இரண்டுக்கும் தொடர்பு கற்பிக்க நான் வரவில்லை. மணக்கோலத்தைப் பிம்பத்தில் காணும் ஆவல் இம்மண்ணுக்குப் புதிதன்று என்று மட்டும் தோன்றுகிறது.

தமிழகத்தில் இத்தகைய உள்ளறைக் காட்சிகள் தாளில் வரையப்பட்டனவா? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூரில் முச்சியர் எனப்பட்ட ஓவியர்கள் கம்பெனி அதிகாரிகளுக்காக நீர்வண்ணப் படத்தொகுதிகள் எழுதினர். இன்ன சாதி, இன்ன தொழில் என்று காட்டும் கணவன் மனைவி இணைகள் அவை. முஸ்லிம் தம்பதியரும் அவ்வரிசையில் இடம்பெற்றனர். ஆனால் அவர்களுக்குப் பின்னால் சுவரில்லை, காலடியில் ஜமக்காளமில்லை, உறவினர் இல்லை. வாங்குவோருக்கு வேண்டியது மனித வகைகளின் பட்டியல், வீடு தேவைப்படவில்லை. வடக்கே ஓவியன் காணாத வீட்டைக் கற்பித்தான். தெற்கே வீட்டையே அழித்துவிட்டான். இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் அந்நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்ட சேதுபதியின் அந்தப்புரக் காட்சிகள் உள்ளன. அவை சுவரோவியங்கள், மன்னனை நடுவாகக் கொண்டவை.

தமிழ் முஸ்லிம்களின் மணவீட்டைக் காண விழைவோர் வண்ணத்தை விட்டுச் சொல்லுக்குத்தான் வர வேண்டும். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவர், சீறாப்புராணத்தில் கதீஜா நாயகியின் மணத்தையும் பாத்திமா நாயகியின் மணத்தையும் தனித்தனிப் படலங்களாகப் பாடினார். அரபு நாட்டு மணங்கள் அங்கே தமிழ்க் காப்பிய மரபில் கோலம் பூணுகின்றன. புலவரும் கண்டவரல்லர், காவிய மரபே அவருக்குச் சர்பா. ஆனால் மணப்பந்தலையும் மணமகளின் அணிகளையும் அவர் வருணிக்கும்போது, தம்மைச் சூழ்ந்த செல்வந்த மரைக்காயர் இல்லங்களை நினையாமல் பாடியிருக்க முடியாது என்பது என் துணிபு. புலவர் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்தபின், யூசுப் கான் இவ்வட்டாரத்துப் பாளையங்களோடு போரிட்டு, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அப்போர்களைக் கம்பெனியார் நாள்வாரியாக எழுதி வைத்தனர். அதே ஆண்டுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மணமகளுக்கு மருதாணி இட்ட பெண்களைப் பற்றி ஒரு வரி எழுத எவருக்கும் தோன்றவில்லை.

இவற்றையெல்லாம் பந்தலிலேயே நான் சொல்லி முடிக்கவில்லை. பாதி சொல்வதற்குள் கதீப் வந்துவிட்டார். குத்பாவும் ஈஜாப் கபூலும் முடிந்து துஆவுக்குப்பின் பேரீச்சம்பழம் பகிர்ந்தபோது, உள்ளறையிலிருந்து பெண்களின் சிரிப்பொலியும், யாரோ ஒரு மூதாட்டி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடரும் பாட்டும் கேட்டன. என் அண்ணன் மகள் படத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “அந்தப் பாட்டு யார் சொல்லிக்கொடுத்தது என்று ராஜபாளையத்துப் பெரியம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன் சின்னத்தா” என்று ஒரு குறிப்பேட்டுடன் உள்ளே போனாள். மகளிர் பகுதிக்குள் படமெடுக்க அனுமதி இல்லை என்று முன்பே சொல்லியிருந்ததால், வீடியோக்காரர் பந்தலில் நின்றபடி எங்கள் முகங்களையே திரும்பத் திரும்பப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்.